உத்திரத்துக் கயிறு

என் வீட்டுக்காரருக்கு,

நாங்கள் நலம். ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு உங்கள் கப்பலைப் பற்றி யாருக்கும் தகவலில்லை.

கப்பலேறும் முன் நீங்கள் உத்திரத்தில் முடிந்துவைத்த கயிறு அப்படியே இருக்கிறது. திரும்பி வருபவர் தாமே அவிழ்க்க வேண்டும்; வராவிட்டால் பங்காளிகள் அறுத்துக் கருமாதி செய்வார்கள். கடற்கரையை விட்டுப் பூந்தமல்லிக்கு வந்தும், தலைமுறையாகக் கப்பலோடும் நம் கலத்தார் இந்த வழக்கத்தை விடவில்லை.

நேற்று உங்கள் அண்ணன் கத்தியோடு வந்தார். "இன்னும் எத்தினி நாளும்மா பாத்துகினு கீறது? அறுத்துடலாம்," என்றார்.

நான் அவரை உள்ளே கூட்டிப்போனேன். அந்தக் கயிற்றில் தூளி கட்டியிருந்தேன். நீங்கள் இன்னும் பார்க்காத மகள் அதில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் கத்தியை மடியில் செருகிக்கொண்டு, தூளியை மெல்ல ஆட்டிவிட்டுப் போனார்.

பெண் வேகமாக வளர்கிறாள். தூளிக்கு அடங்காமல் போவதற்குள் வந்து அவிழ்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் முடிச்சுக்குக் காவலிருப்பவள்