முக்கால் இஞ்சு பைப்பு

உள்ளங்கையில் இரும்பு வாசம் இன்னும் போகவில்லை. ஓட்டுப் போட்டுவிட்டு வீடு வந்து ஒரு மணி நேரமாகிறது. சோப்பு போட்டால் போய்விடும். எனக்குத்தான் மனம் வரவில்லை. விரலில் மை, உள்ளங்கையில் துரு. நீ இருந்தால், "முதல்ல கையைக் கழுவுங்க" என்று சொல்லியிருப்பாய். சொல்ல ஆளில்லாததால் அப்படியே உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

நம் உமா படித்த பள்ளிக்கூடத்தில்தான் எப்போதும் நமக்கு ஓட்டு. காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. முற்றத்துப் பாதாம் மரம் சொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடம் தூக்கத்தில் கண்ட இடம்போல இருந்தது. எல்லாம் தெரிந்த இடம், எல்லாம் கொஞ்சம் சின்னது. வரிசை வாசல்வரை நின்றது. சர்க்கரை வந்த பிறகு எனக்கு வரிசை என்றாலே பயம். வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல்தான் கிளம்பினேன். அப்படியும் அரை மணி நேரம் தாங்கவில்லை. முன்னால் நின்றவரிடம் இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பின்புறம் போனேன்.

அங்கே, ஈரச் சுவரும் பாசியுமாக, கழிப்பறைக்கு ஏறும் அந்த மூன்று படிகள். படியோரம் நீ நிற்பதுபோல இருந்தது. சாம்பல் நிறச் சேலை, கையில் உமாவின் தண்ணீர்ப் புட்டி. கொஞ்ச நேரம் அசையாமல் நின்றேன். அசைந்தால் நீ போய்விடுவாய் என்று தோன்றியது.

அந்தப் புட்டியில்தானே எல்லாம் தொடங்கியது.

உமாவின் இடது காலும் இடது கையும் சொன்ன பேச்சை உடனே கேட்காது. கொஞ்சம் யோசித்துத்தான் கேட்கும். ஆஸ்பத்திரியில் டாக்டர் அதற்கு செரிபிரல் பால்சி என்று பெயர் சொல்லி, முன்னால் 'மைல்டு' என்று ஒரு வார்த்தையையும் சேர்த்தார். நீ முழுப் பெயரையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாய். நான் அந்த முதல் வார்த்தையை மட்டும் கொண்டுவந்தேன். பள்ளியில் சேர்க்கும்போது மலையாள விண்ணப்பத்தை நிரப்பியது நான். உனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. பிள்ளைக்கு உடற்குறை ஏதும் உண்டா என்ற கேள்விக்கு நேராக 'இல்லை' என்று எழுதினேன். உன்னிடம் சொல்லவில்லை. உண்மையை எழுதினால் வேறு பள்ளிக்கூடம் பாருங்கள் என்று அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் பாதி. பெண் பிள்ளை, நாளைக்கு நாலு பேர் நாலு கேள்வி கேட்பார்களே என்ற பயம் மீதி. லேசானதுதானே, பார்த்தால் தெரியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறிய பிறகும் அவள் கொண்டுபோன புட்டி நிறைந்தபடியே திரும்பி வந்தது. நீ அவளுக்குத் தலை பின்னிக்கொண்டே மெதுவாகக் கேட்டாய். "தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரும்மா. அங்க மூணு படி இருக்கு. பிடிக்க ஒண்ணும் இல்ல" என்றாள். ஆறு வயதுப் பிள்ளை, காலை ஒன்பதிலிருந்து மாலை நாலுவரை தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகியிருந்தாள். ஒருநாள் படியேறி முடிப்பதற்குள் பாவாடை நனைந்து, வகுப்பே சிரித்ததாம்.

அன்று மத்தியானம் நீ சாலைக் கடைத்தெருவுக்கு, நம் பைப்புக் கடைக்கு வந்தாய். கடைப்பக்கம் எட்டிப் பார்க்காதவள். பக்கத்துக் கடையில் கொத்தமல்லி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசத்துக்குள்ளிருந்தும் வெயிலுக்குள்ளிருந்தும் நீ நடந்து வந்தது இன்றும் எனக்குக் கனவில் வரும். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தாய்.

"அந்த ஃபாரத்துல இருக்கது உங்க எழுத்துதானா?"

நான் தலையை ஆட்டினேன்.

"டீச்சரு அவளை மடிச்சி, சோம்பேறின்னு நினைச்சுருக்காங்க. வேணும்னே எழுத மாட்டேங்கா, வேணும்னே மெதுவா நடக்கான்னு விரல்ல அடிச்சுருக்காங்க. அவங்களையும் என்னன்னு சொல்ல? நாமதான் ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் குடுத்துருக்கோமே."

"உள்ளதைச் சொன்னா சேர்க்க மாட்டாங்கன்னுதான்…"

"சொல்லாம சேர்த்து என்ன ஆச்சு? காலை மறைச்சிட்டீங்க. தாகத்தை அவ எங்க கொண்டு மறைப்பா?"

கடைப் பையன்கள் காதில் விழாதபடி தாழ்ந்த குரலில்தான் சொன்னாய். நீ கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். அன்றுபோல நான் என்றும் வெட்கப்பட்டதில்லை.

மறுநாள் இருவருமாகப் பெரிய டீச்சர் அறைக்குப் போனோம். உள்ளதைச் சொன்னால் இடமே போய்விடலாம் என்று இருவருக்கும் தெரியும். டாக்டரின் கடிதத்தை மேசைமேல் வைத்தாய். அவர் அதைப் படித்துவிட்டு, என் விண்ணப்பத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இது யாரு எழுதினது?"

நான் வாயைத் திறக்குமுன் நீ சொன்னாய்: "நாங்கதான் டீச்சர். பயத்துல எழுதிட்டோம்."

உனக்கு அதில் ஒரு எழுத்துகூடச் சொந்தமில்லை. இருந்தும் 'நாங்க' என்றாய். அவர் கடிதத்தை இன்னொரு முறை படித்தார். மின்விசிறியில் காகிதங்கள் படபடத்தன. பிறகு மலையாளமும் தமிழுமாகப் பேசினார்: "நேரத்தே சொல்லியிருந்தா நான் வேற ஸ்கூலுக்குத்தான் அனுப்பியிருப்பேன், அதுல நான் பொய் சொல்ல வேண்டாமல்லோ. இப்ப நோக்கினா, குட்டி நல்லா வாசிக்குது. இங்கேயே இருக்கட்டும்."

நீ அழுவாய் என்று நினைத்தேன். நீயோ விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டாய். எழுதக் கொஞ்சம் கூடுதல் நேரம். வாசலோரம் முதல் பெஞ்சு. மணி அடிக்க ஐந்து நிமிடம் முன்னால் வெளியே விடவேண்டும். விரலில் அடிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் சரி என்றவர், படிக்குக் கைப்பிடி என்றதும் முடியாது என்று தலையை ஆட்டினார். "அதுக்கு மேலேருந்து சாங்ஷன் வேணும், கேட்டோ. எப்ப வரும்னு தெய்வத்துக்கே தெரியும்." நாங்கள் எழுந்தபோது ஜன்னலைப் பார்த்தபடி ஒன்று சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை இங்க கேட்டு பூட்டற பழக்கமில்ல."

வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "ஊருக்கெல்லாம் பைப்பு விக்கீங்க" என்றாய். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஒன்றரை இஞ்சு பைப்போடு போனேன், தெரிந்த அளவு அதுதானே. உமாவின் கை அதைச் சுற்றி மூடவில்லை. திரும்பக் கடைக்கு ஓடி முக்கால் இஞ்சு எடுத்து வந்தேன். ஏறும்போது வலக்கைக்கு ஒன்று வைத்தேன். "இறங்கும்போது அது இடப்பக்கமாயிரும்லா?" என்றாய். எதிர்ப்பக்கமும் ஒன்று வைத்தேன். வழக்கப்படி என் இடுப்பு உயரத்தில் குறி போட்டதைப் பார்த்துவிட்டு, "ஓட்டுப் போட வாறவங்களுக்கா வைக்கீங்க?" என்று சிரித்தாய். அவளைப் படியில் நிறுத்தி, அவள் கை எட்டும் இடத்தில் சாக்பீஸால் கோடு இழுத்தாய்.

"அவ வளந்துருவாளே, அப்புறம்?" என்று கேட்டேன்.

"வேற பிள்ளை வரும்."

திங்கட்கிழமை புட்டி காலியாக வந்தது. நீ அதைக் கவிழ்த்து வைத்து, சமையலறையில் தனியாக நின்று அழுததைப் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நீ போய் மூன்று வருடமாகிறது. உமா இப்போது கழக்கூட்டம் ஊர்ப்பக்கம் ஒரு ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். சேர்ந்த அன்று ராத்திரி போனில் சொன்னாள்: "ஃபாரத்துல அந்தக் கேள்வி இருந்துச்சுப்பா. உண்டுன்னு எழுதி, எனக்கு என்னெல்லாம் வேணும்னு கீழ நம்பர் போட்டு எழுதிட்டேன்." சரிம்மா என்று போனை வைத்துவிட்டேன். எண்ணி எண்ணிக் கேட்கும் அந்தக் குணம் உன்னுடையது.

இன்று அந்தப் படியில் வலது முட்டி மக்கர் செய்தது. என் கை உயரத்தில் சுவரில் பிடிக்க ஒன்றுமில்லை. குனிந்து உன் சாக்பீஸ் கோட்டு உயரத்தில் கைநீட்டினேன். பைப்பு இருந்தது. மேல்பூச்சு போய், எத்தனையோ சின்னக் கைகள் பட்டு வழவழப்பாக, ஆனால் ஆடாமல் இருந்தது. தண்ணீர் குடிக்கப் பயந்து வந்தவன், ஆறு வயதுப் பிள்ளைபோல வளைந்து, ஒவ்வொரு படியாக ஏறினேன். வேறு பிள்ளை வரும் என்றாயே, இன்றைக்கு வந்தது நான்தான்.

ஒன்று மட்டும் உன்னிடம் வாய்திறந்து சொல்லவேயில்லை. அந்த 'இல்லை'யை எழுதியது நான், நான் மட்டும். நீ 'நாங்க' என்று சொன்னதை இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டுதான் இருக்கிறேன். இறக்கி வைக்க மனமில்லை.

இதோ, இவ்வளவும் எழுதிவிட்டு ஒரு செம்புத் தண்ணீர் எடுத்து வந்தேன். முழுவதும் குடித்துவிட்டேன்.