கலியாண மண்டபத்தில் முப்பது குடும்பம்

ஆனி 17, சனி

கச்சான் காற்று. சோற்றில் மணல், பல்லில் மணல்.

கோயில் கலியாண மண்டபத்தில் மூன்றாவது வாரம். குடாவுக்கு அக்கரையிலிருந்து, கட்டைபறிச்சான் பக்கமிருந்து, சண்டைக்குத் தப்பி லாஞ்சிப் படகில் வந்து சேர்ந்த முப்பது குடும்பம். பல்கலைக்கழகம் மூடிக் கிடக்கிறது. நான் இங்கே சோறாக்கும் கிடாரம் கழுவுகிறேன்.

இன்று: கிடாரம் மூன்று. தண்ணீர் இருபது வாளி. ஒரு பிள்ளைக்குப் பேன் பார்த்தது (எனக்குப் பார்க்கத் தெரியாது, அவள் சிரித்தாள்).

பலன் கருதாத செயல் பற்றி இரண்டாம் வருடத்தில் பதினெட்டுப் பக்கம் எழுதினேன். நல்ல புள்ளி. அதில் கரி இல்லை. தும்பும் சாம்பலும் கொண்டு தேய்க்கும்போது ஒரு கணம் நான் இல்லை, கை மட்டும். 'ஆ, நான் இல்லை' என்று நினைக்கிறேன். உடனே வந்துவிடுகிறேன்.

பாக்கியமக்கா வயலும் மாடும் விட்டு வந்தவர். சமையல் நடக்கும் குசினிக்கு இப்போது அவர்தான் அதிகாரி.

"தம்பி தியானமோ? அடியில கரி அப்பிடியே கிடக்கு."

மாலை அவரே, மெதுவாக: "எங்களை இஞ்சயிருந்தும் எழுப்பிப்போடுவினமோ?"

"ஒருத்தரும் எழுப்பமாட்டினம் அக்கா. நான் சொல்லுறன்."

சொன்னதும் நெஞ்சு இரண்டு அங்குலம் அகலமாயிற்று.

ஆனி 18, ஞாயிறு

அப்பா, தேநீர் குடித்தபடி: "மண்டபத்தை எப்ப துப்பரவாக்கித் தருவினம்? வெள்ளிக்கிழமை கலியாணமெல்லே."

என் அக்காவின் கலியாணம். அதே மண்டபம். மாசியில் போய்ப் பதிந்துவிட்டு வந்தவனே நான்தான். சுத்தமாக மறந்து போனேன். ஊருக்கெல்லாம் தொண்டு, சொந்த அக்காவின் நாள் நினைவில்லை.

ஏலாதவை:
நாளை மாற்ற. அடுத்தது ஆடி. ஆவணியில் மாப்பிள்ளை அத்தானுக்கு லீவு இல்லை.
வீட்டில் வைக்க. முற்றத்தில் இரண்டு பாய்தான் விரிக்கலாம்.
வேறு மண்டபம். ஒன்றில் ஆமி, மற்றதற்குக் கூரை இல்லை.
அவர்களை எழுப்ப.

கடைசி வரி பொய். அது ஏலும். மண்டபக்காரர் தயாராகவே இருக்கிறார். "நாலு நாளைக்குப் பள்ளிக்கூட மரத்தடியில இருக்கட்டுமே."

ஆனி 20, செவ்வாய்

இரண்டு நாள் மண்டபத்தில் பாக்கியமக்காவின் முகத்தைப் பார்க்காமல் கிடாரத்தையே பார்த்தேன். கிடாரம் பளபளக்கிறது.

இன்று அக்காவிடம் சொன்னேன். சட்டைக்குக் கொளுக்கி தைத்துக்கொண்டிருந்தாள்.

"எழுப்பமாட்டினம் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஆரைக் கேட்டுச் சொன்னனீ?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை."

ஊசியை வாயில் கடித்துக்கொண்டு சிரித்தாள். "பெரிய ஞானி! சரி, இருக்கட்டும் அவை. ஒரு மணவறைக்கு எவ்வளவு இடம் வேணும்?"

அப்பா வெடித்தார். "மாப்பிள்ளை வீட்டார் என்ன கதைப்பினம்? மூட்டை முடிச்சுக்கு நடுவில தாலி கட்டுறதோ?"

"நானே போய்க் கேக்கிறன்."

"பொம்பிளை மாப்பிள்ளையைத் தேடிப் போறதோ!"

போனாள். என் சைக்கிளில். பின்னால் நான் ஓடினேன். அத்தான் நேற்றுத்தான் மட்டக்களப்பிலிருந்து வந்து, அவருடைய பெரியம்மா வீட்டில் நிற்கிறார். படலைக்கு வெளியே நின்று அக்கா பேசினாள், நான் டயரைப் பார்த்தேன். அத்தான் கேட்டு முடித்து, படலையைத் திறந்து வெளியே வந்தார். பிறகு: "அக்கினியைச் சுத்திவர இடம் இருந்தாக் காணும். அம்மாவுக்கு நான் சொல்லுறன்."

திரும்பும் வழியில் அக்கா விசிலடித்தாள். எனக்குத் தெரியாது அவளுக்கு விசிலடிக்க வருமென்று.

நான் கொடுத்தது என் விடுமுறை. அவள் கொடுத்தது அவளுடைய நாள். அதற்கு ஒரு பெயரும் வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து மிச்சக் கொளுக்கியைத் தைத்தாள்.

ஆனி 22, வியாழன்

மண்டபத்தில் எல்லோரையும் கூட்டிச் சொன்னேன்: நாளை கலியாணம், நீங்கள் இருக்கலாம், ஒரு மூலை போதும்.

பாக்கியமக்கா இடுப்பில் கை.

"இதை இவ்வளவு நாளும் வயித்துக்க வைச்சிருந்தனியோ? சமையலுக்கு ஆரைப் பிடிச்சிருக்கு?"

"ஒரு ஆள் சொல்லியிருக்கு..."

"வேண்டாமெண்டு சொல்லு. கலியாணம் நடக்கிற வீட்டில சும்மா குந்தியிருக்க எங்களுக்கு ஏலாது."

வீடு என்றார்.

பிறகு ஒரே இரைச்சல். மூட்டைகளைச் சுவரோடு அடுக்கி, கயிறு கட்டி, இருந்த நல்ல சேலைகளை எல்லாம் முன்னால் தொங்கவிட்டார்கள். சிவப்பு, மஞ்சள், ஒரு கிளிப்பச்சை. இப்படி ஒரு சோடனை காசு கொடுத்தாலும் வராது. பிள்ளைகள் மாவிலை கட்டினார்கள். ஒரு கிழவர் மணவறையைத் தூக்கி நடுவில் வைக்கச் சொல்லிச் சத்தம் போட்டார். "மூலையில தாலி கட்ட அவள் என்ன களவெடுத்தவளோ?" அப்பா வந்து பார்த்தார். தொண்டையைச் செருமினார். தானும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்.

ஆனி 23, வெள்ளி

காலை முகூர்த்தம். ஊரடங்குக்கு முன் எல்லோரும் வீடு போகவேண்டும்.

வாசலில் அத்தானின் காலைக் கழுவினேன், பொம்பிளையின் தம்பி செய்யும் தோழன் முறை. உடனே என் விரலில் மோதிரம் போட்டார். மூன்று வாரத் தொண்டில் பலன் கருதாதிருக்கப் பழகி, கடைசியில் கைமேல் பலன். அக்கா பார்த்துச் சிரித்தாள், ஐயர் முறைத்தார்.

தாலி ஏறியபோது முப்பது குடும்பமும் அட்சதை போட்டது. அரிசி முழுக்க என் தலையில். குறி பிழை.

முதற்பந்தி. சேலைச் சுவர்களுக்கு நடுவில் அத்தானின் ஆட்களும் அக்கரை ஆட்களும் கலந்து இருந்தார்கள், யார் யாரென்று தெரியவில்லை. நான் வழக்கம்போல அகப்பையை எடுத்தேன். பாக்கியமக்கா பறித்தார்.

"இரு."

"நான் வீட்டை போய்ச் சாப்பிடுறன் அக்கா."

"ஓம், தெரியும். மூண்டு கிழமையா வீட்டை போய்த்தான் சாப்பிடுறாய். எங்களுக்கு வைப்பாய், அள்ளுவாய், கழுவுவாய். எங்கட கையால ஒரு வாய் தின்ன உனக்கு ஏலாதோ?"

சிரித்துத்தான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

அவர்கள் அதைக் கவனித்திருந்தது எனக்குத் தெரிந்திருக்கவே இல்லை. கிடாரத்தில் தேய்த்த கரியெல்லாம் முகத்தில் ஏறினமாதிரி.

இருந்தேன். அத்தானின் பெரியம்மாவுக்கும் பேன் பார்த்த சிறுமிக்கும் நடுவில். இலை வந்தது. சோறு, பருப்பு, பூசணி. பாக்கியமக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், முதல் வாய் உள்ளே போகும்வரை.

"உப்பு?"

"அளவு."

"பொய் சொல்லாத."

"கொஞ்சம் கூடிப்போச்சு."

"அப்ப சோறு போடுறன்," என்று இரண்டு அகப்பை.