சுக்குக் கிடங்குக்காரியின் பெயர்

என் பக்கத்து பெஞ்சுக்காரிக்கு,

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். விளக்கைத் தாழ்த்தி வைத்து எழுதுகிறேன்.

தூக்கத்தில் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு அழுதேனாம். நல்லவேளை, அது உன் பெயர் என்று அம்மாவுக்கு விளங்கவில்லை. "யாருடீ அவ, ராத்திரி முழுக்க விளிக்கிறே?" என்று கேட்டாள். ஒரு பெண்ணுக்காக இன்னொரு பெண் இப்படி அழமாட்டாள், இது பேய்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். நாளை ஆலுவாவிலிருந்து மந்திரவாதி வருகிறார். பேய் தன் பெயரைச் சொல்லும்வரை பிரம்படி விழும். சொன்னதும் என் முடியில் ஒரு கற்றையை அறுத்து, பாலை மரத்தில் வைத்து ஆணியடித்துப் பேயை அதிலேயே கட்டிவிடுவார்கள்.

அடி தாங்காமல் உன் பெயரைச் சொல்லிவிட்டால், உன்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் கல்யாணம் பேசிவிடுவார்கள். எனக்கு அந்தப் பயம்தான்.

சற்று முன் சுக்கு வாசனை வந்தது. கல்யாணம் வேண்டாம் என்றதற்காகக் கீழே சுக்குக் கிடங்கில் பூட்டப்பட்டு, அங்கேயே இறந்துபோன சீனியம்மாள் என் பாயருகே உட்கார்ந்திருந்தாள். குளிர்ந்த கையால் என் நெற்றியைத் தடவினாள்.

"பேரு கேட்டா என் பேரைச் சொல்லு மோளே. செத்தவளை இனி என்ன செய்வானுங்க?"

"ஆணி அடிப்பாங்களே அக்கா."

"அடிக்கட்டும். உன் கூட்டுக்காரி தப்பிச்சுக்குவா இல்லே?"

நாளை அவள் பெயரைத்தான் சொல்லப்போகிறேன். வெள்ளிக்கிழமை உன் அப்பாவின் பட்டறையிலிருந்து ஆணி பிடுங்கும் குறடு ஒன்றைப் பையில் போட்டுக் கொண்டு வா. அவளை அந்த மரத்தில் விட்டுவிட்டு நம்மால் இருக்க முடியாது.

உனக்கு ஜடை பின்னிவிடுகிறவள்