லைன் என்ற சொல்லுக்கு நீ எழுதிய அர்த்தங்கள்

உன் அகராதி இன்று காலை என் மேஜைக்கு வந்து சேர்ந்துவிட்டது. நாலரை வருஷம் உன் வீட்டுப் பரணில் கிடந்தும் அதில் டீசல் வாடை போகவில்லை. அட்டையைத் திறந்தால் கூடவே பீடி வாடையும் வருகிறது. நீ இருந்தவரை இந்த வாடையைச் சொல்லியே உன்னை என் நாற்காலியில் உட்காரவிடாமல் விரட்டியிருக்கிறேன். இன்று ஆபீசில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, புத்தகத்தை முகத்தோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கொண்டுவந்தது உன் மனைவிதான். எடப்பாடியில் அண்ணன் வீட்டோடு போய்விடப் போகிறாளாம். அவள் சொன்னதைக் கடைசியில் சொல்கிறேன். நான் சொல்லவேண்டியது முதலில் இருக்கிறது.

அந்தச் சொல்லை எப்போது பிடித்துக்கொண்டாய் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. லோடு கிடைக்காமல் வண்டி இரண்டு நாளாக நின்றிருந்தது. நீ ஸ்டெப்னி டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு கேட்டாய்: "லைனுக்குப் போறேன், லைனுக்குப் போறேன்னு தெனமும் சொல்றமே, லைனுன்னா என்ன மாப்ள?"

"பம்பாய்க்கு லோடு ஏத்திட்டுப் போறது. வேற என்ன?"

"அது நாம சொல்றது. வெள்ளக்காரன் எதுக்கு அந்தச் சொல்ல வெச்சான்?"

புக்கிங் கிளார்க்கான எனக்கு அது தெரியவேண்டிய விஷயமே இல்லை. உனக்கோ தெரியாமல் தூக்கம் வராது. அடுத்த வாரமே பழைய பேப்பர் கடையில் இந்த அகராதியைப் பிடித்துவிட்டாய். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்துவிட்டு ஸ்டியரிங் பிடித்தவன் நீ. உன் சீட்டுக்குப் பின்னால், சாமி படத்துக்குக் கீழே அதற்கு ஓர் இடம் கொடுத்தாய்.

இப்போது அந்தப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஓரம் முழுக்க உன் பென்சில் எழுத்து. கோடு, கயிறு, வரிசை, ரயில் பாதை, தந்திக் கம்பி, பாட்டின் ஒரு வரி, தூண்டில் நரம்பு, கைரேகை, வம்சம், செய்யும் தொழில், சிப்பாய்கள் நிற்கும் போர்முனை. ஒரு லைனுக்குப் போய்வந்தால் ஒன்றிரண்டு சேர்ந்திருக்கும். கரண்ட் ஆபீஸ் லைன்மேனும் நீ குடியிருந்த லைன் வீடும்கூட இதில் உண்டு. "இத்தன பேரு ஒரே சொல்லுக்குள்ள குடியிருக்கறாங்க பாரு, நம்ம லைன் ஊடாட்டவே" என்று சிரித்தாய்.

எல்லாவற்றுக்கும் கீழே சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு அச்சாகியிருக்கிறது. அதன் கீழே நீ இரண்டு கோடு போட்டிருக்கிறாய். அந்தச் சொல் இலத்தீனிலிருந்து வந்ததாம். நான் ஞாயிற்றுக்கிழமை பூசையில் இலத்தீன் ஜெபம் சொல்கிறவன் என்பதால் என்னிடம் ஓடிவந்தாய். எனக்கு என்ன தெரியும்? சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்கிறேன், அவ்வளவுதான். என்னையும் இழுத்துக்கொண்டு எங்கள் மாதா கோயில் சாமியாரிடமே போய்க் கேட்டாய். அவர் யோசித்துவிட்டு, ஆளிச் செடியின் நாரில் திரித்த நூல் என்று சொன்னார். அந்த நூலை இழுத்துப் பிடித்துத்தான் அந்தக் காலத்தில் நேராகக் கோடு போட்டார்களாம். அதிலிருந்துதான் மற்றதெல்லாம் வந்ததாம்.

உன் முகம் அன்று இருந்தது போல் நான் பார்த்ததே இல்லை. ஜலகண்டாபுரத்துத் தறிக்காரர் மகன் நீ. பாவு ஓட்டாமல் லாரிக்குப் போனதற்காக உன் அப்பா உன்னோடு பேசுவதை நிறுத்தி நாலு வருஷம் ஆகியிருந்தது. "நூல உட்டுட்டுப் போயிட்டேன்னு சொன்னாரல்ல மாப்ள? நான் எங்க உட்டேன்? நூலு மேலதான் வண்டி ஓட்டிட்டு இருக்கறேன்" என்றாய். மறுநாளே பஸ் ஏறிப் போய் அவரிடம் சொன்னாய். அவர் தறியை நிறுத்தக்கூட இல்லையாம். போன வேகத்தில் திரும்பி வந்தவன், ஒரு வாரம் இந்தப் புத்தகத்தைத் தொடவில்லை.

அப்பாவிடம் போவதற்கு முன்னாலேயே என்னை ஒன்று கேட்டிருந்தாய், சாமியார் வீட்டிலிருந்து நடந்து வந்தபோது. "அர்த்தந் தெரியாமயே ஜெபம் சொல்றயே மாப்ள, எலுமிச்சங்காய்க்காவது அர்த்தந் தெரியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. லாரி கிளம்பும்போது முன் சக்கரத்தின் கீழே எலுமிச்சங்காய் வைப்பதை ஆபீசில் மேற்பார்வை பார்ப்பவன் நான்தான். நசுக்கிக் கிளம்பிய வண்டி அன்று திரும்பக்கூடாது, டிரைவர் இறங்கி வரக்கூடாது. முதலாளி மறந்தாலும் நான் மறக்கமாட்டேன். சிலுவை போட்டுக்கொண்ட கையாலேயே எலுமிச்சங்காயையும் வைப்பேன். "சிலதுக்கு அர்த்தம் கேக்கக் கூடாது" என்று உன் வாயை அடைத்தேன்.

அந்த வைகாசிக் காலை. வண்டி கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. நீ ஆபீஸ் வாசலில் நின்றாய். வண்டியை வழியில் நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தாய். சட்டை நனைந்திருந்தது.

"வலப்பக்கம் வவுத்துல சுருக்குச்சுருக்குனு புடிக்குது மாப்ள. இன்னைக்கு வேற ஆள ஏத்தி உடேன்."

நான் எழுந்திருக்கவே இல்லை. நீ வாசற்படியில் கால் வைக்கப் போனாய். உள்ளே வராதே என்று கையைக் காட்டினேன். "எலுமிச்சங்காய் நசுங்குன வண்டியில இருந்து எறங்கி வாரவன் நீ ஒருத்தன்தான். வண்டிக்கும் ஆகாது, உனக்கும் ஆகாது. வெயில் சூடு, தொப்பூர் தாண்டினா சரியாப் போயிரும்."

"கொஞ்சம் தண்ணியாச்சும் குடு."

"வழியில குடிச்சுக்க."

என்னைத் திட்டியிருக்கலாம் நீ. லேசாகச் சிரித்து, "சரி மாப்ள, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். மூன்றாம் நாள் ஹூப்ளியிலிருந்து தந்தி வந்தது. குடல்வால் வெடித்துவிட்டதாம். ஒரு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னதாகக் கூடப்போன ரெண்டாவது டிரைவர் வந்து சொன்னான். நான் எலுமிச்சங்காய்க் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன்.

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மன்னிப்பு கிடைத்தது என்றார். ஆனால் சொல்லவேண்டிய இடத்தில் நான் சொல்லவில்லை. வருஷாவருஷம் உன் திதிக்கு உன் மனைவி சாப்பிடக் கூப்பிடுவாள். இலையில் சோறு போட்டுக்கொண்டே கேட்பாள். "அன்னைக்கு ஆபீசுல ஏதாச்சும் சொன்னாருங்களாண்ணா?" ஒன்றும் சொல்லவில்லை அம்மா என்று சொல்லிவிட்டு அந்தச் சோற்றைத் தின்பேன். அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது, என்னைச் சோதிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். நாலு வருஷம் தின்றேன்.

இன்று காலை மஞ்சள் பையிலிருந்து அகராதியை எடுத்து வைத்தாள். "இது உங்ககிட்டயே இருக்கட்டுங்கண்ணா. எனக்குப் படிக்கத் தெரியாது." அப்புறம் வழக்கம்போல அதே கேள்வி. இனி அவள் கேட்கப்போவதில்லை, ஊரைவிட்டே போகிறாள். நான் தப்பித்துவிடலாம். அது தெரிந்ததும் எனக்கே என்மேல் அருவருப்பாகிவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். வாசற்படி, கையைக் காட்டியது, தண்ணீர் தராதது, எதையும் விடவில்லை.

அவள் கதறுவாள் என்று எதிர்பார்த்தேன். முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப, என்னையப் பத்தி ஒண்ணுமே சொல்லலீங்களா?"

எனக்குப் புரியவில்லை.

"உங்ககிட்ட வாரதுக்கு முன்னால ஊட்டுக்குத்தான் வந்தாருங்க. வவுத்த வலிக்குதுன்னாரு. எலுமிச்சங்காய் நசுக்கிக் கெளம்புன மனுசன் ஊட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு நாந்தான் வாசல்லயே நிறுத்திப்போட்டேன். வேணும்னா ஆபீசுல போய்க் கேளுங்கன்னு அனுப்புனதே நானுங்க. அதை உங்ககிட்டச் சொல்லியிருப்பாரோன்னுதான் வருசாவருசம் கேட்டுட்டிருந்தேன்."

நாங்கள் இரண்டு பேரும் மேஜைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் உட்கார்ந்து அழுதோம். போகும்போது அவள் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

வீட்டில் விடவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் உன்னை உள்ளே விட்டிருப்பேனோ என்னவோ. நீ அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அர்த்தம் இல்லாமல் எதையும் செய்யாதவன், எங்கள் இரண்டு பேருக்காகவும் ஒரு எலுமிச்சங்காய்க்குக் கட்டுப்பட்டு மறுபடி ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்திருக்கிறாய்.

உன் எழுத்துக்குக் கீழே அந்தப் பக்கத்தில் இன்னும் நாலு விரல் இடம் காலியாக இருக்கிறது. எழுத எனக்கு எதுவும் தெரியவில்லை. எலுமிச்சங்காய் இப்போதும் வைக்கிறார்கள், நான் தடுப்பதில்லை. கிளம்பிய வண்டியிலிருந்து எவனாவது இறங்கி வந்தால் மட்டும் என் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைக்கிறேன். என்ன ஏது என்று கேட்பதற்கு முன்னால் தண்ணீர் கொடுக்கிறேன். அவன் குடித்து முடிக்கும்வரை என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.