ஆறு பேர் என்று சொல்லிவிட்டேன்

சின்னம்மா,

இன்று காலையில் நம் வாசல் நிலையில் தாரால் நம்பர் போட்டுவிட்டுப் போனார்கள். சண்டைக் காலம் அல்லவா, அரிசிக்கு ரேஷன் கார்டு கொடுக்கப் போகிறார்களாம். அதற்காகத் தெருத்தெருவாக வந்து, வீட்டில் எத்தனை பேர் என்று எழுதிக்கொள்கிறார்கள். தார் வாசனை மூக்கில் ஏறியது. குமாஸ்தா கேட்டார். "ஆறு பேர்" என்றேன். நானும் என் மனைவியும் மூன்று பிள்ளைகளுமாக ஐந்து பேர்தான் இருக்கிறோம். கதவோரம் நின்றிருந்த என் மனைவி, "அஞ்சுங்க. அவரு ஏதோ ஞாபகத்துல சொல்றாரு" என்று திருத்தினாள். "வாத்தியாருக்கே கணக்கு தப்புதே!" என்று குமாஸ்தா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஆறாவது ஆள் நீதான். போன மழைக்காலத்தில் நீ செத்துப்போனாய். இப்போதுதான் உன்னைக் கணக்கில் சேர்க்க என் நாக்குக்குத் தோன்றியிருக்கிறது.

அம்மா போனபோது எனக்கு ஓரளவு நினைவு தெரிந்த வயசு, தம்பி கைக்குழந்தை. நாற்று நட வந்த ஆட்களோடு வந்த உன்னை அப்பா வீட்டிலேயே இருத்திக்கொண்டார். தாலி கட்டினாரா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் இருவரும் ஒரு முறை மாங்காட்டு அம்மன் கோயிலுக்குப் போய்வந்தீர்கள், அதற்குப் பிறகு உன் கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு கிடந்தது, அவ்வளவுதான் தெரியும். நீ எங்கள் ஜாதி இல்லை. ஊர் முணுமுணுத்தது. அப்பாவின் கிணற்றுத் தண்ணீர் ஊருக்கு வேண்டியிருந்ததால் முணுமுணுப்போடு நிறுத்திக்கொண்டது. மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் படுத்துக்கொண்டு எங்கள் இருவரையும் நீ வளர்த்தாய். அப்பா உன்னை "இந்தா" என்பார். நாங்கள் சின்னம்மா என்போம், வெளியாள் இல்லாதபோது. வெளியாள் வந்துவிட்டால் என் வாய் தானாக மூடிக்கொள்ளும். அதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானே கற்றுக்கொண்டேன், அவ்வளவு கெட்டிக்காரன்.

எனக்குக் கல்யாணம் பேசிய வருஷம் சர்க்கார் ஜனக்கணக்கு எடுத்தது உனக்கு நினைவிருக்கும். முதலில் வீடுகளுக்குத் தாரால் நம்பர் போட்டார்கள். அப்புறம் பகலில் ஒருவர் வந்து ஆட்களை எழுதிக்கொண்டு போவார். பிறகு ஒரு நாள் குறித்து, அன்று ராத்திரி யார் யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று சரிபார்ப்பார்கள். நம் தெருவுக்கு எழுத வந்தவர் மாங்காட்டு வாத்தியார். அவருடைய அக்காள் பெண்ணைத்தான் எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்ணை நான் திருவிழாவில் ஒரு தரம் பார்த்திருந்தேன். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்று நீதானே அப்பாவிடம் சொல்லிக் கேலி செய்தாய்?

அப்பா களத்துமேட்டில் இருந்தார். வாத்தியார் வந்து உட்கார்ந்ததும் நீ கேட்காமலே மோர் கொண்டுவந்து வைத்தாய். இஞ்சி தட்டிப் போட்ட மோர். அவர் ஒரு மடக்கு குடித்துவிட்டுக் காகிதத்தை விரித்தார்.

"வீட்ல எத்தனை பேர் தம்பி?"

"மூணு பேருங்க. அப்பா, நான், தம்பி."

அவர் நிமிர்ந்து உன்னைப் பார்த்தார். நீ கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய்.

"இந்த அம்மா?"

"வேலைக்கு வர்றவங்க."

"ராத்திரி இங்க தங்கமாட்டாங்களா?"

இரண்டாவது முறை கேட்டார், சின்னம்மா. உண்மையைச் சொல்ல அவர் இடம் கொடுத்தார், நான் சொல்லியிருக்கலாம். "இல்லீங்க, பொழுதோட போயிடுவாங்க" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அந்தச் சோற்றைப் போட்டவளையே மறைத்தேன் நான். அவர் மூன்று என்று எழுதிக்கொண்டார். மோரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, டம்ளரை உன் பக்கமாக நகர்த்தி வைத்து, "நல்லா இருந்துச்சிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பேன், அதற்கான கோபத்தைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன். நீ அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாய். கணக்கைச் சரிபார்க்கிற நாள் வந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் கொல்லைப் பக்கம் நீ ஒரு துணி மூட்டையோடு நின்றாய்.

"எங்க போற?" என்றேன்.

"நசரத்பேட்டையில எங்க அக்கா ஊடு கீதே, அங்க போயி இருக்கறேன். ராத்திரிக்கு வந்து பாப்பாங்களாமே நைனா. நீ சொன்ன கணக்கு பொய்யாவக் கூடாது."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். தம்பிக்குச் சோறு எடுத்துவைத்திருக்கிறேன் என்று சொல்வதுபோல அத்தனை சாதாரணமாகச் சொன்னாய். நானும் என்ன செய்தேன்? மூட்டையைப் பிடுங்கினேனா? "சீக்கிரம் வந்துடு" என்றேன். அதையாவது உரக்கச் சொன்னேனா என்றால் அதுவும் இல்லை.

மறுநாள் நீ வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. தம்பி உன் அறை வாசலில் உட்கார்ந்து அழுதான். அப்பா ஒரு நாள் வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, வெறும் வண்டியோடு திரும்பினார். "வரமாட்டேங்கறா. புள்ளைக்கு நல்லது நடக்கட்டும்ன்றா" என்று மட்டும் சொன்னார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும், ஆனால் என்னைத் திட்டவில்லை. தன் வாயாலும் அவர் உன்னை யாரிடமும் பெண்டாட்டி என்று சொன்னதில்லையே, எந்த முகத்தோடு திட்டுவார்? அடுத்த தை மாதத்தில் என் கல்யாணம் நடந்தது. நீ வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

பிறகு அடுத்த ஜனக்கணக்கு வந்தது. அதற்குள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், தம்பி தனிக்குடித்தனம் போய்விட்டான். நான் பூந்தமல்லியில் வாத்தியாராகியிருந்தேன். கணக்கெழுதும் வேலையை எங்கள் தலையில்தானே கட்டுவார்கள். எனக்கு நசரத்பேட்டை விழுந்தது. நீ அங்கே இருக்கிறாய் என்று தெரிந்து, கூட வேலை செய்கிற ஒருவரிடம் அந்தத் தெருவை மாற்றிக்கொள்ளும்படி கெஞ்சினேன். அவர் மசியவில்லை. உன் முகத்தில் விழிக்க எனக்கு அவ்வளவு பயம்.

பெங்களூர் ரோட்டில் போகிற ஜட்கா வண்டிக் குதிரைகளுக்கு நீ புல் அறுத்து விற்றுக்கொண்டிருந்தாய். குடிசை வாசலெல்லாம் ஈரப் புல் வாசனை. "வா நைனா, குந்து" என்றாய். நம் பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் நைனா என்று கூப்பிடலாம், அதனால் பக்கத்துக் குடிசைக்காரிக்குச் சந்தேகம் ஒன்றும் வரவில்லை. நான் காகிதத்தை விரித்தேன். முதல் கட்டம் பெயர். பேனாவை வைத்த பிறகுதான் உறைத்தது, எனக்கு உன் பெயர் தெரியாது. எத்தனை வருஷம் உன் கையால் தின்றிருப்பேன்! சர்க்கார் கேட்கச் சொன்னதால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சீ, நானும் ஒரு மனுஷன்!

கல்யாணம் ஆனவளா, ஆகாதவளா, விதவையா என்று அடுத்த கேள்வி. "அதை நீயே எய்திக்கோ. உனக்குத் தெரியாததா?" என்றாய். உன் கழுத்தில் அந்தக் கயிறு இல்லை. விதவை என்று எழுதினேன். புருஷன் பெயரை எழுத வேண்டியிருக்கவில்லை, அந்தத் தைரியத்தில் எழுதினேன்.

"புள்ளைங்க?"

"ஒண்ணு."

பக்கத்துக் குடிசைக்காரி வாயில் கையை வைத்தாள். "இன்னாக்கா, உனக்கு ஏது புள்ள?"

"கீறான். வாத்தியாரா கீறான்."

"அப்பறம் ஏன் உன்னை வந்து பாக்கறதில்ல?"

"அவனுக்குக் கணக்கு வேலை ஜாஸ்தி" என்றாய். புல்லுக்கட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னாய், என் பக்கம் திரும்பாமல்.

தம்பியை விட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த என்னை மட்டும் பிள்ளை என்று எண்ணினாய், என்னைக் காட்டிக்கொடுக்காமல் அப்போதும் காப்பாற்றினாய். நான் என்ன எழுதினேன் தெரியுமா? பெற்ற பிள்ளைகளை மட்டுமே எழுத வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அதன்படி, இல்லை என்று எழுதினேன். விதி தப்பாத வாத்தியார்! எழுதி முடித்து எழுந்தபோது, "மோரு குடிக்கிறியா நைனா?" என்று கேட்டாய். அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்றேன். அதற்குப் பிறகு உன்னை நான் பார்க்கவில்லை. காய்ச்சலில் நீ போன செய்தியே எடுத்து அடக்கம் செய்த பிறகுதான் எனக்கு வந்தது.

இன்று குமாஸ்தா போனபின், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும், என் மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள். "இன்னாங்க அது, ஆறு?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மாமா எழுத வந்த அன்று நான் சொன்ன பொய்யிலிருந்து புல்லுக்கட்டு வரைக்கும். எதற்காக அந்தப் பொய்யைச் சொன்னேன் என்பதையும் மறைக்கவில்லை. "உன்னைக் குடுக்காம போயிடுவாங்களோன்னுதான்" என்றேன்.

அவள் போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எங்க மாமா அன்னிக்கு உங்க ஊட்லேர்ந்து நேரா எங்க ஊட்டுக்குத்தான் வந்தாரு. தாயில்லாத ஊட்ல பொண்ணை எப்பிடிக் குடுக்கறதுன்னு எங்கம்மா அழுதுகினு இருந்தாங்க. குடுக்க வாணான்னே முடிவு பண்ணிட்டாங்க. மாமாதான் சொன்னாரு, 'அழாதக்கா, அங்க ஒரு அம்மா கீறாங்க. பையன் வேலைக்காரின்றான், நான் நம்பல. கேக்காமயே மோர் குடுத்தாங்க. நம்ம பொண்ணைத் தாயாட்டம் பாத்துக்குவாங்க'ன்னு. அந்த ஒரு பேச்சுக்குத்தான் எங்கம்மா ஒத்துக்கினாங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வந்து பாத்தா அவங்க இல்ல. எங்கன்னு கேக்க எனக்கு பயம். புதுப் பொண்ணு, என்னான்னு கேப்பேன்?"

அவள் எழுந்து போன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. எந்தக் கல்யாணம் நின்றுவிடும் என்று உன்னை இல்லை என்றேனோ, அந்தக் கல்யாணம் நீ இருந்ததால் நடந்திருக்கிறது. என் மனைவியும் என் பிள்ளைகளும் இந்த வீடும், நீ வைத்த ஒரு டம்ளர் மோருக்கு வந்தவை. இது தெரியாமலே உன்னை அந்தச் சாயங்காலத்தில் மூட்டையோடு அனுப்பினேன். உன்னிடம் வந்து சொல்லலாம் என்றால் நீ இல்லை.

கார்டில் ஐந்து பேர் என்றுதான் வரும். செத்தவர்களுக்கு அரிசி கிடையாது, அது சரிதான். இனி யார் வந்து கேட்டாலும் நான் ஐந்து என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் ஒவ்வொரு தடவையும் என் நாக்கு முதலில் ஆறு என்றுதான் எடுக்கும், பக்கத்தில் இருக்கிறவர்கள் திருத்துவார்கள். திருத்தட்டும். நீ எழுதச் சொன்ன அந்த ஒண்ணு நான்தான் என்று அன்றைக்கு எழுதாதவன் நான்.

இப்படிக்கு,
உன் பிள்ளை