கறுப்பு நுனி வில்

என் தங்கத்துக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே, சின்னவளும் தூங்கி, அப்பாவும் மாத்திரை போட்டுக் கொஞ்சம் அசந்த பிறகுதான் என்னால் பேனா பிடிக்க முடிந்தது. நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்பியே எழுதுகிறேன், இங்கே எல்லோரும் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் படி. நீ மலைக்கு வேலைக்குப் போகும்போது அப்பா கொடுத்தனுப்பிய, நுனி வெளியே வளைந்த அந்தப் பழைய வில்லை இனி இழுக்காதே. நாண் பூட்டியிருந்தால் கழற்றிவிடு, கழற்றும்போது முகத்தை விலக்கிக்கொள்.

நீ கீழே இறங்கி வந்து போன் செய்தபோது அப்பாவுக்குக் கண்ணில் கட்டி என்று நான் சொன்னது பொய். அவர் தேடித் தேடிச் சேர்க்கிறாரே ஒரே பட்டறைக்காரர் செய்த வில்கள், அதில் இன்னொன்று கிடைத்தது, ஏதோ பள்ளிக்கூடத்து விளையாட்டுச் சாமான் அறையில் கிடந்ததாம். அவர் வழக்கம்தான் தெரியுமே, எந்த வில்லானாலும் நாண் பூட்டி முழுக்க இழுத்துப் பார்த்த பிறகுதான் சுவரில் ஏற்றுவார். "கிழட்டு வில்ல போட்டு ஏன் இந்தப் பாடு படுத்துறீங்க" என்றேன், "கிழம்னு அத சொல்றியா, என்னைய சொல்றியா" என்று சிரித்துக்கொண்டே இழுத்தார். இரண்டு தடவை ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தடவை நாண் மோவாய்க்கு வந்ததும் வில்லின் மேல்பாதி பிளந்து சில்லு இடது கண்ணில் ஏறிவிட்டது. அந்தக் கண்ணில் இனிப் பார்வை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீரை ஊற்றுகிறார், நான் துடைத்தால் கோபம் வருகிறது, துடைக்காவிட்டால் சின்னவள் வழுக்கி விழுகிறாள். கடையில் நம்மைப் பார்த்து அக்கா தம்பியா என்று கேட்பார்களே, இந்த மாதம் என்னைப் பார்த்தால் யாரும் கேட்கமாட்டார்கள்.

இதையெல்லாம் நீ ஊருக்கு வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்றுப் பட்டறைக்காரரின் மகள் அப்பாவைப் பார்க்க வந்தார், அந்த மனிதரின் வரலாற்றை எழுத அப்பா போய்ப் போய்ப் பேசுவாரே, மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மா, அவர்தான். கண் கட்டைப் பார்த்ததும் என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போய் அழுதுவிட்டார். அவருடைய தகப்பனார் பட்டறை நடத்திய கடைசி வருடம், ஒட்டிய மரத் தகடுகளில் பசை இறுகச் சூடு கொடுக்கும் பெட்டி பழுதாகிவிட்டதாம். ஆர்டர் தலைக்குமேல் இருந்ததால் வெறும் வெயிலில் காயவைத்தே கொடுத்திருக்கிறார். ஒரு பெண்ணுக்கு முகம் கிழிந்த பிறகு, விற்றதையெல்லாம் வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கி ரம்பத்தால் அறுத்துப்போட்டாராம். "ரெண்டு மட்டும் கெடைக்கவே இல்லம்மா. அந்த வருஷம் வெள்ளக் கொம்பு தீந்துபோச்சு, நுனிக்குக் கறுப்புதான் வச்சாரு. பெருமையா எழுதுறவர்கிட்ட இத சொல்ல எனக்கு வாய் வரல" என்றார். உடைந்ததன் நுனி கறுப்பு. சுவரில் இருப்பதெல்லாம் வெள்ளை. உன்னுடையதைப் பார்த்து, மையில் தொட்டெடுத்த மாதிரி இருக்கு என்று நீதானே சொன்னாய்?

அப்பாவிடம் சொன்னால் காதில் வாங்கவே மாட்டேன் என்கிறார். "நான்தான் கோணலா பூட்டிட்டேன், அந்த மனுஷன் பேர இழுக்காத. பையனோடத நானே இழுத்துப் பாத்துதானே குடுத்தேன், சும்மா அவன பயமுறுத்தாத" என்று கத்தினார். அவர் மேல் கோபம் வேண்டாம். அந்தக் கடைசி வருடத்தை ஒப்புக்கொண்டால், எதை உன் கையில் கொடுத்தனுப்பினோம் என்பதையும் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு இன்னும் அவருக்குத் தெம்பு இல்லை.

உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன், எடுத்தவர் "வில்லா? அம்பு விடுற வில்லாம்மா?" என்று சிரித்தார், மேலே சொல்லி அனுப்புவாரோ மாட்டாரோ. காலையில் சாமான் வண்டிக்காரர் கையிலேயே இதைக் கொடுக்கப் போகிறேன். சாயங்காலம் கூட வேலை செய்கிறவர்களும் ஆளுக்கு ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. யார் கேட்டாலும் கொடுக்காதே, விளையாட்டுக்குக்கூட வேண்டாம். வில்லைப் போர்வையில் சுற்றி எட்டாத இடத்தில் வை.

நீ நன்றாக இருக்கவேண்டும், உன் இரண்டு கண்ணும் நன்றாக இருக்கவேண்டும், வேறு என்ன வாழ்த்துவது என்று எனக்குத் தெரியவில்லை. குளிருக்குக் காதை மூடிக்கொள். நாணைக் கழற்றிவிட்டேன் என்று ஒரே ஒரு வரி, அதே வண்டிக்காரரிடம் எழுதிக் கொடுத்துவிடு. சீக்கிரம் பதில் போடு.

அம்மா