வெறுங்கால்

அன்புள்ள அம்மாவுக்கு, தேவமலரின் வணக்கம். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

ஈப்போவில் கடல் கிடையாது. அதனால் ஹோட்டல் முதலாளி நீச்சல் குளத்தில் மோட்டார் வைத்து அலை எழுப்புகிறார். பக்கத்திலேயே மேடை போட்டு எங்கள் பேண்டில் நாங்கள் சர்ஃப் மியூசிக், அதாவது அலைச்சறுக்குக்காரர்களின் கடற்கரை இசை, வாசிக்கிறோம். கடற்கரை மாதிரி தெரிய வேண்டுமாம், எல்லோரும் வெறுங்காலோடு நிற்கிறோம்.

சனிக்கிழமை தண்ணீர் மேடைவரை வந்துவிட்டது. பேஸ் கிட்டார் கம்பியில் கை இருக்க, நன்றி சொல்லப் போன என் உதடு மைக்கில் பட்டது. சின்ன ஷாக்தான். நான் விழுந்ததை ஆட்டம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். டிரம்ஸ் வாசிக்கும் தர்மா அண்ணன்தான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார்.

"முதலாளிகிட்ட சொல்லிட்டேன்லா. வயர் மாத்த அடுத்த மாசம்தான் ஆள் வருமாம்," என்றார். அதுவரை தினமும் வாசிக்க வேண்டும்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போட்டுப்போன ரப்பர் பூட்ஸ் வீட்டில் இருந்தால், நம் குளுவாங்கிலிருந்து இங்கே வரும் பஸ்ஸில் கொடுத்துவிடுங்கள். பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை. முதலாளி திட்டினால் திட்டட்டும்.

கூப்பிடுகிறார்கள், போக வேண்டும். நீங்கள் சொன்னபடி, வாசிக்கும் முன் கிட்டாரைத் தொட்டுக் கும்பிடாமல் இருப்பதில்லை. உள்ளங்கையால் தொட்டால் கரண்ட் கையை விடாது என்று அண்ணன் சொன்னார். அதனால் இப்போது புறங்கையால் தொட்டுக் கும்பிடுகிறேன், அம்மா.

மலர்